நீலத் திமிங்கிலத்தின்ட சொந்தக்காரன்

சித்திரை மாசம் கடல் படுத்துக் கிடக்கிற நேரம் கோணேசர் கோவில் பக்கம் சுவாமி மலையில நிண்டு பாத்தா, அதிர்ஷ்டம் இருந்தா தூரத்தில வெள்ளையா ஒரு தண்ணித் தூவல் எழும்பி அடங்கும். அது நீலத் திமிங்கிலம் மூச்சு விடுறது. பூமியில இதுவரைக்கும் வாழ்ந்ததிலயே பெரிய மிருகத்தைக் கரையில நிண்டே பாக்கக் கிடைக்கிற ஊர் உலகத்தில கொஞ்சம்தான் இருக்கு, அதில எங்கட திருகோணமலையும் ஒண்டு. கரைக்குக் கிட்டவே கடலடியில ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறதால ஆழக்கடல் மிருகம் இவ்வளவு பக்கத்தில வருது. 1980களின்ட தொடக்கத்தில டியூலிப் எண்ட பாய்க்கப்பல்ல வந்த ஆராய்ச்சிக்காரர் இதைப் பாத்து எழுதின பிறகுதான் வெளி உலகத்துக்கு எங்கட கடலின்ட அருமை தெரிய வந்தது.

சரி, திமிங்கிலம், டொல்பின் எல்லாம் சேந்த இந்தக் கூட்டத்துக்கு, இண்டைக்கு உசிரோட இருக்கிற மற்ற மிருகங்களுக்குள்ள ஆகக் கிட்டின சொந்தம் ஆர்? சுறா இல்ல, சுறா மீன். கடல்பசுவும் இல்ல, கடல் சிங்கமும் இல்ல. நீர்யானை.

நிலாவெளியில டூரிஸ்ட் ஆக்களைத் திமிங்கிலம் பாக்க போட்ல கூட்டிக்கொண்டு போற என்ட மச்சானிட்ட இதைச் சொன்ன நேரம் அவன் நம்பவே இல்ல. "போடா மச்சான், ஆபிரிக்காவில சேத்துக்குள்ள படுத்துக் கிடக்கிற சாமானுக்கும் நம்மட கடலுக்கும் என்ன கதை" எண்டு கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்குச் சொன்னதையும் அண்டைக்கு நேரம் காணாம சொல்லாம விட்டதையும் சேத்துத்தான் இதை எழுதுறன், ஏனெண்டா நீர்யானை எண்டா டிவியில வாயைத் திறந்து காட்டுற தூரத்து மிருகம் எண்டு நாங்க நினைச்சு வச்சிருக்கிறம், ஆனா அது எங்கட கடலோடயும் மண்ணோடயும் சம்பந்தப்பட்ட மிருகம்.

கனகாலமா விஞ்ஞானிகள் நீர்யானையைப் பன்றியோடதான் சேத்து வச்சிருந்தாங்க, கடைவாய்ப் பல்லு அப்பிடி இருந்ததால. 1990களில டிஎன்ஏ ஒப்பிட்டுப் பாக்கத் தொடங்கின பிறகு கணக்கு மாறிப்போச்சு. பன்றியைவிட, மாட்டைவிட, திமிங்கிலம்தான் நீர்யானைக்குக் கிட்ட எண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. எலும்பு ஆராய்ச்சி செய்யிற ஆக்களில நிறையப் பேர் அதை ஒத்துக்கொள்ளேல்ல. பிறகு 2001ல பாகிஸ்தான்ல எடுத்த பழைய திமிங்கில எலும்புகள் வெளியில வந்தது, நாலு கால் இருந்த காலத்துத் திமிங்கிலம், அதுக்குக் கணுக்கால் எலும்பும் இருந்தது. இந்த எலும்பை நீங்களே வீட்டில பாக்கலாம். ஆட்டின்ட பின்னங்கால் கணுவுக்குள்ள ஒரு சின்னக் கட்டை எலும்பு இருக்கும், இறைச்சி எல்லாம் கழண்ட பிறகு விரலால உருட்டிப் பாத்தீங்க எண்டா மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் கிணத்துக் கப்பி மாதிரி வழுவழுப்பா நடுவில பள்ளம் விழுந்திருக்கும். ரெண்டு பக்கமும் அப்பிடிப் பள்ளம் இருக்கிறது ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை எண்ட இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். பாகிஸ்தான்ல கிடைச்ச திமிங்கிலத்தின்ட காலிலயும் அதே எலும்பு, அதே பள்ளம். அதோட அந்த வாதம் கிட்டத்தட்ட முடிஞ்சுது.

இதில எனக்குச் சரியாப் பிடிச்ச கதை காஷ்மீர்க் கதை. ரங்கா ராவ் எண்ட இந்தியப் புவியியலாளர் காஷ்மீர்ல நிறையக் கல்லுகளைச் சேத்து வச்சிட்டு அதை முழுசாப் பிரிச்சுப் பாக்க முதலே செத்துப்போனார். கல்லெல்லாம் வருஷக்கணக்கா வீட்டிலயே கிடந்தது. பிறகு அவரின்ட மனைவி அதை ஹான்ஸ் தெவிசன் எண்ட ஆராய்ச்சியாளரிட்டக் குடுத்தாங்க. கல்லைச் சுத்தம் பண்ணேக்க தவறுதலா ஒரு மண்டையோடு உடைஞ்சுபோக, உள்ள இருந்த காது எலும்பைப் பாத்தா அது திமிங்கிலத்துக்கு மட்டும் இருக்கிற மாதிரித் தடிச்சுக் கிடந்தது! 2007ல அது வெளியில வந்தது. இண்டோஹையஸ் எண்டு பேர், சுமார் 4 கோடியே 80 லட்சம் வருஷத்துக்கு முந்தினது, பூனையைவிடக் கொஞ்சம் பெருசு, பாக்கிறதுக்கு எங்கட காட்டில இருக்கிற சருகுமான் சாயல். கால் எலும்பு நீர்யானையின்ட எலும்பு மாதிரிப் பாரமா இருந்ததால அது தண்ணிக்குள்ள அடியில நடந்து திரிஞ்சிருக்கும் எண்டு சொல்லுறாங்க. அதாவது இவ்வளவு பெரிய திமிங்கிலத்தின்ட வம்சம் ஆத்தங்கரையில பதுங்கித் திரிஞ்ச இப்பிடி ஒரு சின்ன மிருகத்துக்குக் கிட்டத்தான் தொடங்கியிருக்கு, அதுவும் நம்மட பக்கத்தில, இந்தியா பாகிஸ்தான் பக்கம்.

ஒண்டு மட்டும் பிழையா விளங்கிக்கொள்ளக் கூடாது. திமிங்கிலம் நீர்யானையில இருந்து வரேல்ல. ரெண்டுக்கும் சுமார் 5½ கோடி வருஷத்துக்கு முதல் ஒரு பொதுவான மூதாதை இருந்தது, பிறகு ரெண்டும் வேற வேற வழியா வந்ததுகள். ரெண்டும் தண்ணிக்குள்ள குட்டி போடும், தண்ணிக்குள்ளயே பால் குடுக்கும், ரெண்டுக்கும் உடம்பில மயிர் குறைவு. இதைப் பாத்திட்டு எல்லாம் அந்த மூதாதையிட்ட இருந்தே வந்தது எண்டு நினைக்கத் தோணும், ஆனா 2021ல தோலையும் அதுக்குரிய மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பாத்தவங்க சொன்னது வேற, ரெண்டும் தனித்தனியா, வேற வேற காலத்திலதான் தண்ணி வாழ்க்கைக்குப் பழகியிருக்குதுகள். எனக்கு இதுதான் இன்னும் ஆச்சரியம். பிரிஞ்சுபோன ரெண்டு சொந்தம், ஆளை ஆள் காணாம, ரெண்டும் தண்ணியையே தேடிப் போயிருக்கு.

நீர்யானைக்கு நீந்தத் தெரியாது எண்டு சொன்னா நிறையப் பேர் நம்புறேல்ல. அதின்ட எலும்பு சரியான பாரம், அது மிதக்காது, ஆத்தடியில கால் ஊண்டி நடக்கும், ஊண்டி ஊண்டி எம்பிப் பாயும். ஒரு மூச்சில சுமார் 5 நிமிஷம் உள்ள நிக்கும். நித்திரையில இருந்தாலும் மூச்சு முடியிற நேரம் தானா மேல வந்து மூச்செடுத்திட்டுத் திரும்ப அமிழ்ந்து போகும், அதுக்காக முழிக்கிறேல்ல. தெஹிவளை ஸூவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனா பெரும்பாலான ஆக்கள் அந்தத் தொட்டியடியில வந்து, தண்ணி மட்டும்தான் தெரியுது எண்டு சொல்லிப்போட்டு யானைப் பக்கம் போயிருவாங்க. கொஞ்சம் பொறுத்து நிண்டு பாக்க வேணும். முதல்ல தண்ணி மட்டத்தில ரெண்டு மூக்குத் துவாரம் வரும், இறுக்கி மூடியிருக்கும், அது திடீரெண்டு திறந்து "புஸ்ஸ்" எண்டு காத்தும் தண்ணியும் சேந்து அடிக்கும், அதுக்குப் பிறகு கண், பிறகு காது. மேல வந்த உடனே அந்தச் சின்னக் காது ரெண்டையும் படபடவெண்டு சுத்தித் தண்ணியை உதறும். மூக்கு, கண், காது மூண்டும் தலையில ஒரே மட்டத்தில இருக்கிறதால உடம்பு முழுக்க உள்ள இருக்கவே அது மணக்கும், பாக்கும், கேக்கும். அந்தக் காது சுத்துறதை என்ட மகள் திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டு நிண்டா, அவளை அங்க இருந்து கிளப்ப ஏலாமப் போச்சு.

குட்டி பிறக்கேக்கயே 25 கிலோவில இருந்து 50 கிலோ வரைக்கும் இருக்கும். எட்டு மாசம் வயித்தில. பெரிய ஆண் 3000 கிலோவையும் தாண்டும்.

பேஸ்புக்கில நீர்யானைப் பால் ரோஸ் கலர் எண்டு ஒரு போஸ்ட் வருஷா வருஷம் சுத்தும். அது பொய். பால் வெள்ளைதான். அந்தப் பொய் எங்க இருந்து வந்திருக்கும் எண்டா, அதின்ட தோல்ல வாற சிவப்பு நீர்ல இருந்துதான். நீர்யானைக்கு எங்களுக்கு மாதிரி வேர்வை இல்ல. தோலுக்குள்ள இருந்து கொழகொழ எண்டு ஒண்டு கசியும், வரேக்க நிறமே இல்ல, சில நிமிஷத்தில சிவப்பாகும், பிறகு மண்ணிறமாகும். பழைய காலத்தில இதைப் பாத்தவங்க இரத்த வேர்வை எண்டு சொன்னாங்க. 2004ல ஜப்பான் ஆராய்ச்சிக்காரர் ஸூவில இருந்த நீர்யானையின்ட முகத்தையும் முதுகையும் துணியால ஒத்தி எடுத்துப் பாத்ததில, அதில சிவப்பு ஒண்டும் செம்மஞ்சள் ஒண்டுமா ரெண்டு நிறப் பொருள் இருக்கிறது தெரிஞ்சுது. வெயிலின்ட புற ஊதாக் கதிரை அது உறிஞ்சும், சிவப்பு நிறப் பொருள் கிருமி பெருகவும் விடாது. ஆண் நீர்யானைகள் ஒண்டை ஒண்டு கடிச்சுக் குதறிப்போட்டு அந்தக் காயத்தோடயே ஊத்தைத் தண்ணிக்குள்ள கிடக்குதுகள், ஆனாலும் காயம் பெரும்பாலும் அழுகாம ஆறுதெண்டா அதுக்கு இந்தக் கசிவும் ஒரு காரணமா இருக்கும். மருந்துக் கடையில சன்ஸ்கிரீன் விக்கிற விலையை யோசிச்சா இது எவ்வளவு பெரிய கொடை!

தொண்டை தண்ணிக்குள்ளயும் மூக்கு வெளியிலயும் இருக்கிற மாதிரி நிண்டு கத்தினா சத்தம் காத்திலயும் போகும் தண்ணியிலயும் போகும், ஒரே நேரத்தில. தண்ணிக்குள்ள இருக்கிறது அதைத் தாடை எலும்பு வழியாக் கேக்கும், டொல்பினும் தாடையாலதான் கேக்குது எண்டதை நினைச்சுக்கொள்ளுங்க. 2022ல மொசாம்பிக்கில செய்த ஒரு ஆராய்ச்சி இன்னும் சுவாரசியம். நீர்யானைக் கூட்டங்களின்ட சத்தத்தைப் பதிஞ்சு அதே கூட்டத்துக்கும் வேற கூட்டங்களுக்கும் போட்டுக் காட்டினாங்க. தன்ட கூட்டத்தின்ட சத்தம், பக்கத்துக் கூட்டத்தின்ட சத்தம், முன்னப் பின்ன தெரியாத சத்தம், மூண்டையும் அதுகள் பிரிச்சு அறியுதுகள். தெரியாத சத்தத்துக்குத்தான் கோவம் கூட, வாலை விசுக்கி விசுக்கிச் சாணியைச் சுத்திவர அடிச்சு இது என்ட இடம் எண்டு காட்டுதுகள்.

சாணி எண்டதும் அருவருக்கத் தேவையில்ல, முக்கியமான விஷயமே அதுதான். பகல் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்கிற நீர்யானை இரவானா கரையேறி சில கிலோமீட்டர் நடந்து போய் அந்தப் பெரிய உதட்டால புல்லை அறுத்து அறுத்துச் சாப்பிடும், ஒரு இரவைக்கு 40 கிலோ அளவில. விடிய முதல் தண்ணிக்கு வந்திரும், சாப்பிட்டதை ஆத்துக்குள்ள விடும். அதாவது நிலத்தின்ட சத்தை ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு வந்து ஆத்துக்குள்ள போடுற வேலையை அது செய்யுது. கென்யா, தன்சானியா வழியா ஓடுற மாரா ஆத்தில சுமார் 4000 நீர்யானை இருக்கு. புல்லில சிலிக்கா இருக்கு, அந்தச் சிலிக்கா ஆத்துக்குள்ள போறதில பெரும்பங்கு நீர்யானையாலதான் எண்டு 2019ல கண்டுபிடிச்சாங்க. தண்ணியில இருக்கிற டயட்டம் எண்ட நுண்ணிய பாசிக்கு ஓடு கட்ட அதுதான் வேணும், அந்தப் பாசியை நம்பித்தான் கீழ விக்டோரியா ஏரியின்ட மீன்வளமும் இருக்கு. இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. மழை குறைஞ்சு ஆறு வத்தினா சாணி முழுக்க மடுவுக்குள்ள தேங்கி ஒக்சிசன் இல்லாமப் போகும், பிறகு திடீரெண்டு வெள்ளம் வந்து அதை அடிச்சுக்கொண்டு போகேக்க கீழ இருக்கிற மீன் கூட்டம் கூட்டமாச் செத்து மிதக்கும். ஆத்துத் தண்ணியை மேல மறிச்சா, காட்டை வெட்டினா, அந்தச் சமநிலை இன்னும் குழம்பும். மகாவலி கொட்டியாரக்குடாவில கடலோட சேர்ற இடத்தில எறாலும் நண்டும் பிடிச்சுப் பிழைக்கிற எங்கட மூதூர், கிண்ணியா ஆக்களுக்கு, மேல ஆத்தில நடக்கிறது கீழ வலையில தெரியும் எண்டதை நான் சொல்லித்தர வேண்டிய அவசியமில்ல.

பயங்கரமான மிருகம்தான், அதை மறைக்க ஏலாது. வாயை 150 பாகை அளவுக்குத் திறக்கும், கீழ்வாய்க் கொம்புப் பல்லு அரை மீட்டர் வரைக்கும் வளரும், அதுவும் புல்லுச் சாப்பிட இல்ல, சண்டைக்கு. கரையில மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில ஓடும், வேகமா ஓடேக்க நாலு காலும் ஒரே நேரம் நிலத்தை விட்டு எழும்புது எண்டு 2024ல வீடியோ எல்லாம் ஒவ்வொரு பிரேமாப் பாத்துச் சொன்னாங்க. ஆபிரிக்காவில ஆக்கள் சாகிறது பெரும்பாலும் சின்ன வள்ளத்தில மீன் பிடிக்கேக்கயும், விடியக்காலையில தண்ணி அள்ளப் போகேக்கயும், தோட்டம் காக்கேக்கயும்தான். அதுக்கும் தண்ணிக்கும் நடுவில போய் நிண்டா அதுக்குத் தப்பி ஓடுற வழி அடைபடுது, பயத்தில பாயுது. கந்தளாய்ப் பக்கம் யானையோட வாழுற ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். ஏழை ஆக்களும் பெரிய மிருகமும் ஒரே தண்ணியை நம்பி இருக்கிற இடத்தில ரெண்டு பக்கமும் சாவு விழும், அதுக்கு மிருகத்தைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

2004 மார்கழி 26ஐப் பத்தி எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல. கிண்ணியா ஆஸ்பத்திரியையே கொண்டுபோன தண்ணி. காலையில எங்களை அடிச்ச அதே அலை மத்தியானம் கென்யாக் கரைக்குப் போய்ச் சேந்தது. அந்த நேரம் சபாக்கி ஆத்து வெள்ளத்தோட இறங்கி வந்த நீர்யானைக் கூட்டம் ஒண்டு மலிந்திக் கடற்கரையடியில நிண்டது. அலைக்குப் பிறகு பாத்தா ஒரு குட்டி மட்டும் பவளப்பாறையில சிக்கிக் கிடந்தது, 300 கிலோ அளவில இருக்கும். மீனவங்களும் ஊர் ஆக்களும் வலையும் கயிறும் கொண்டு மணிக்கணக்காப் போராடி அதைக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. பாஞ்சு பிடிச்ச ஆளின்ட பேரையே அதுக்கு வச்சாங்க, ஓவன். மொம்பாசாவுக்குப் பக்கத்தில இருக்கிற ஹலர் பார்க்கில கொண்டுபோய் விட்ட உடனே அது நேரா ஓடிப்போனது ம்சே எண்ட ஒரு கிழட்டு ராட்சத ஆமையிட்ட, வயசு 130 அளவில எண்டு சொல்லுவாங்க. ஆமை முதல்ல சீறிப்போட்டு விலகிப் போச்சு, குட்டி விடேல்ல. கொஞ்ச நாளில ரெண்டும் ஒண்டாச் சாப்பிட்டு ஒண்டாப் படுத்துது. பிறகு ஓவன் பெருசாகிக்கொண்டு வர ஆமைக்கு அடிபட்டிரும் எண்டு கிளியோ எண்ட இன்னொரு நீர்யானையோட சேத்து விட்டாங்க. நான் அந்தப் படத்தை முதல்ல பேப்பர்லதான் பாத்தன், அந்த வருஷம் எங்கட முகாம்களில தாய் தகப்பன் இல்லாம நிண்ட பிள்ளைகளைப் பாத்த கண்ணால அதைப் பாத்தன், அதனால அதை வெறும் க்யூட்டான படமா என்னால ஒரு நாளும் பாக்க ஏலேல்ல.

இப்ப எண்ணிக்கை என்ன நிலையில இருக்கு எண்டா, முழு ஆபிரிக்காவிலயும் 115,000ல இருந்து 130,000 வரைக்கும் எண்டு ஒரு கணக்கு. கொங்கோவின்ட விருங்கா காட்டில 1970களில கிட்டத்தட்ட 30,000 இருந்தது, சண்டை நடந்த வருஷங்களில இறைச்சிக்கும் பல்லுக்கும் சுட்டுச் சுட்டு 2005 அளவில 1000த்துக்கும் குறைஞ்சு போச்சு. யானைத் தந்தத்துக்குத் தடை வந்த பிறகு நீர்யானைப் பல்லையும் தேடத் தொடங்கிட்டாங்க. அங்க அப்பிடி, ஆனா கொலம்பியாவில போதைப்பொருள் கடத்தல்காரன் பப்லோ எஸ்கோபார் தன்ட பண்ணைக்குக் கொண்டுவந்த நாலு நீர்யானை, அவன் 1993ல செத்த பிறகு ஆத்தோட போய்ப் பெருகி 150ஐத் தாண்டிட்டுது. எதிரியும் இல்ல, தண்ணிக்குக் குறையும் இல்ல. 2022ல அதை ஆக்கிரமிப்பு இனம் எண்டு அறிவிச்சாங்க. அதுகளைக் கருத்தடை செய்யிறது, வேற நாட்டுக்கு அனுப்புறது, கொல்லுறது எண்டு இன்னும் இழுபடுது. அதைக் கொண்டுவந்து விட்டவன் செய்த வேலைக்கு மிருகமும் ஆத்தங்கரை ஆக்களும்தான் விலை குடுக்கினம். சின்ன இனம், அந்த மூ டெங் வீடியோவில எல்லாரும் பாத்த குள்ள நீர்யானை, அது இன்னும் மோசம், மேற்கு ஆபிரிக்கக் காட்டில 3000த்துக்கும் குறைவு. போன்ல கோடிக்கணக்கான ஆக்கள் பாக்கிற ஒரு மிருகம் காட்டில இவ்வளவு குறைவா இருக்குதே எண்டது என்னால சாதாரணமா எடுத்துக்கொள்ள ஏலாத ஒண்டு.

இனி மண்ணுக் கதை. நீர்யானை எப்பவும் ஆபிரிக்காவில மட்டும் இருந்த மிருகம் இல்ல. லண்டன்ல ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குக் கீழ 125,000 வருஷத்துக்கு முந்தின நீர்யானை எலும்பு எடுத்திருக்காங்க. சைப்ரஸ், மடகஸ்கார் தீவுகளில குள்ள நீர்யானை இருந்து அழிஞ்சது. இந்தியாவில சிவாலிக் மலையடியிலயும் நர்மதைக் கரையிலயும் இருந்தது. இலங்கையிலயும் இருந்தது! இரத்தினபுரியில மாணிக்கக் குழி தோண்டுற ஆக்கள் கல்லுக்காக, இல்லம் எண்டு சொல்லுற மாணிக்கம் கிடக்கிற சரளை மண்ணை அள்ளிக் கழுவேக்க அதுக்குள்ள பல்லும் எலும்பும் வரும். பி. ஈ. பி. தெரணியகல கொழும்பு நூதனசாலையில வேலை செய்த காலத்தில இதைத் தேடித் தேடிச் சேத்தவர். அழிஞ்சு போன சிங்கம், காண்டாமிருகம், அதோட நீர்யானை. எங்கட நீர்யானைக்கு அவர் வச்ச பேர் ஹெக்ஸாபுரோட்டொடன் சிங்கலேயஸ். இண்டைக்கு ஆபிரிக்காவில இருக்கிற பெரிய இனத்துக்குக் கீழ்த்தாடையில முன்பல்லு நாலு, இந்தக் கூட்டத்துக்கு ஆறு. கடல் மட்டம் இறங்கியிருந்த காலத்தில இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில நடந்து வரத் தரை இருந்ததால மிருகங்கள் இந்தப் பக்கம் வந்து போச்சுது.

இதைக் கேட்ட பிறகுதான் மச்சான் வாயை மூடினான், இப்ப அவன் போட்ல வாற வெள்ளைக்காரருக்கு இதை இங்கிலீசில சொல்லிக்கொண்டு திரியிறான். பள்ளிக்கூடப் புத்தகத்தில இது நாலு வரியாவது இருந்திருக்க வேணும். இரத்தினபுரி தேசிய நூதனசாலையில இந்தக் குழிகளில எடுத்த எலும்புகளை வச்சிருக்காங்க. சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரி வழியா வான் பிடிச்சுப் போற ஆக்கள், டிரைவரிட்ட முதலே சொல்லி வச்சு, ஒரு மணித்தியாலம் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிட்டுப் போங்க.